மாமிக்கு எடுத்த வீடியோ

கசெற்றின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் என் கையெழுத்து இன்னும் மங்கவில்லை. "பிரான்ஸ், தொர்தோன் ஆறு, மாமிக்கு" என்று எழுதியிருக்கிறேன். நல்ல எழுத்து. யாழ்ப்பாணத்தில் பௌதிக ஆசிரியனாக இருந்து கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், யூனியன்வில்லில் மகள் வீட்டுப் பேஸ்மென்ரில், யார் யாருடையதோ கலியாணக் கசெற்றுகளுக்கு நடுவே அது இத்தனை காலம் கிடந்திருக்கிறது. போன மாதம் மகள் அதைத் தூசி தட்டிக் கடையில் கொடுத்து, கணினியில் பார்க்கத்தக்கதாக மாற்றிக்கொண்டு வந்தாள். சின்னம்மாவும் அம்மாவும் இளமையாக இருக்கிற படம் என்று ஆசையோடு போட்டாள். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, உதிலை பின்னாலை நிண்டு கதைக்கிற ஆள் ஆர்?" என்று கேட்டாள். வீடியோ எடுத்த காலத்தில் அவள் வேறு நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. "நான்தான்" என்றேன்.  என் முன்னால் இருந்த தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். அதில் பாதித் தேநீர் இன்னும் இருந்தது.

அந்தப் பின்னால் நின்று கதைக்கிற ஆளைப் பற்றி எழுதப்போகிறேன். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அவனைப் பற்றி எழுதுவதென்றால் என் சகலனைப் பற்றி எழுதவேண்டும். அவன் அத்தனை சொற்களையும் செலவழித்தது அந்த மனிதர்மேல்தான்.

என் மனைவியின் தங்கையை, என் மச்சாளை, கனடாவுக்கு எடுக்க எண்பதுகளின் கடைசியில் ஏற்பாடு செய்தவன் நான். ரொறன்ரோவில் ஒரு கணக்காளர் மாப்பிள்ளையையும் நானே பார்த்து, பேசி முடித்துவைத்திருந்தேன். வரும் வழியில் பாரிசில் பல மாதம் தடைப்பட்டு நின்றவள், அங்கே ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்த ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டாள். அவர் அதிகம் படிக்காதவர். வடமராட்சியில் ஒரு கடற்கரை ஊர். தகப்பன் கடலுக்குப் போனவர். அதற்குமேல் எங்கள் குடும்பத்தில் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. சாதி தெரிந்துவிட்டால் மனிதனைத் தெரிந்ததாக எண்ணுகிற ஆட்கள் நாங்கள். மாமி, என் மனைவியின் தாய், "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்றார். கணக்காளர் வீட்டாரிடம் தலைகுனிந்து நின்றவன் என்ற முறையில் நான் அதற்கும் மேலே போனேன். அந்த மனிதரின் பெயரை எங்கள் வீட்டில் சொல்லக்கூடாது என்று விதித்தேன்.

சில வருடங்களில் சகலனின் முதலாளி தன் சொந்த ஊரில் உணவகம் திறக்க, இவரையும் சமையலுக்கு அழைத்துப் போனார். தெற்குப் பக்கமாக, தொர்தோன் என்கிற ஆற்றின் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். சுற்றுவட்டாரத்தில் தமிழர் என்று இவர்கள் இருவர் மட்டும். அதற்குள் மாமியும் ரொறன்ரோவுக்கு வந்து ஸ்காபரோவில் எங்களோடு இருந்தார். மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் தமக்கையோடு ரெலிபோனில் கதைப்பாள். மாமி ரெலிபோனைத் தொடமாட்டார். ஆனால் அந்த நேரம் பார்த்து வரவேற்பறையில் உடுப்பு மடிக்க வந்துவிடுவார். கதைத்து முடிந்ததும் யாரையும் பாராமல், "அவளுக்குக் குரல் அடைச்சிருக்கே?" என்பார். மகளின் குரல் ரெலிபோனிலிருந்து அந்த அறை முழுவதும் கேட்பதில்லை. எப்படிக் கேட்டாரோ.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை, மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் அங்கே போனோம். போகுமுன் நான் ஒரு வீடியோக் கமரா வாங்கினேன். பயணத்துக்கு வேண்டிய உடுப்பாக நான் கொண்டுபோனது ஒரு மேற்சட்டையும் மினுக்கிய சப்பாத்தும். ரொறன்ரோவில் அந்நாளில் நான் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவலாளி வேலை செய்துகொண்டிருந்தேன். சகலனிடம் "ஒரு கொம்பனியிலை சுப்பவைசர்" என்று சொன்னேன். அவர், "நல்லது அண்ணை" என்றார். எதை மேற்பார்வை செய்கிறேன் என்று அவர் கேட்கவேயில்லை.

முதல் நாள் காலையிலேயே மச்சாள் என் கமராவைக் கண்டுவிட்டாள். பாண் வெட்டிக்கொண்டு நின்றவள் கத்தியை வைத்துவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். "அத்தான், எல்லாத்தையும் எடுங்கோ. அம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. நாங்கள் எப்பிடி இருக்கிறம் எண்டு அவ கண்ணாலை பாக்கட்டும். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா அம்மா வருவா. உங்கடை சொல்லைத்தான் அவ கேக்கிறவ." சகலன் அடுப்படியில் நின்று எங்களைப் பார்க்காமல் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பால் பொங்கியது. அவர் கவனிக்கவில்லை. நான் கமராவின் மூடியைக் கழற்றி, "எடுப்பம், எடுப்பம்" என்றேன்.

அந்த ஒரு வாரமும் அவர் எங்களுக்கு இடம் காட்டவில்லை, மாமிக்குக் காட்டினார். அது எனக்கு இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. விளங்கியபிறகுதான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. ஆற்றின் இரு கரையிலும் மஞ்சள் நிறக் கற்பாறை செங்குத்தாக எழும்பி நிற்கும். அதன் உச்சியில் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தபடி இரண்டு கோட்டைகள். நாங்கள் மூச்சு வாங்கி ஏறி நின்றதும் அவர் கமராவைப் பார்த்து, "மாமி இஞ்சை ஏறத் தேவையில்லை. கீழை இருந்தே ரண்டையும் பாக்கலாம்" என்றார். ஒரு குகைக்குப் போனோம். ஆதி மனிதர் சுவரில் கீறிய மயிரடர்ந்த யானைகள் உள்ளே இருக்கின்றன. படம் எடுக்க விடவில்லை. வெளியே வந்து அவர், "உள்ளுக்கை சின்ன ரெயின் ஓடுது. மாமிக்கு முழங்கால் நோவெண்டாலும் பிரச்சினையில்லை" என்றார். சந்தைக்குப் போனால் எந்தக் கடையில் பச்சை மிளகாய் கிடைக்கும் என்று காட்டினார். தேவாலயத்துக்குப் போனால் எந்த வாசலில் படி குறைவு என்று காட்டினார். ஒரு கிழவியின் முழங்காலை நினைத்துக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் நடந்து பார்த்து வைத்திருந்தார் அந்த மனிதர். தன்னை மருமகனென்று ஒருநாளும் ஏற்காத கிழவி.

நானோ எதைக் கண்டாலும் நயாகராவை இழுத்தேன். ஆற்றைக் கண்டு, "எங்கடை நயாகராவிலை விழுகிற தண்ணியிலை இது ஒரு துளி" என்றேன். எங்கடையாம். நயாகராவை ஏதோ என் பாட்டன் வெட்டிவிட்டதுபோல. ரொறன்ரோத் தமிழருக்கு ஊர் பார்ப்பதென்றால் அது ஒன்றுதான். வருகிற உறவினர் எல்லோரையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், அருவிக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, வாகனத் தரிப்பிடத்தில் வைத்துப் புளிச்சோறு தின்றுவிட்டு வருவோம். அந்தத் தகுதியோடு நான் பிரான்சின் ஆற்றை எடைபோட்டேன். மச்சாள் சிரித்துக்கொண்டு தமக்கையிடம், "அக்கா, அத்தான் நயாகராவைச் சூட்கேசுக்கை வைச்சுக்கொண்டு திரியிறார் போலை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, தோணிவிட ஆற்றுக்குப் போனோம். அங்கே கோடையில் எல்லோரும் சிறிய தோணிகளை வாடகைக்கு எடுத்துத் துடுப்புப் போட்டு ஆற்றோடு கீழே போவார்கள். சகலன் எனக்கு ஒரு செம்மஞ்சள் மிதவைச் சட்டையை நீட்டி, "சப்பாத்தைக் கழட்டுங்கோ அண்ணை. ஆறு கடிக்காது" என்றார். "எனக்குப் பழக்கமில்லைத் தம்பி. உமக்கெண்டாச் சரி" என்று சொல்லிவிட்டுக் கரையில் நின்றேன். மேற்சட்டையோடு, மினுக்கிய சப்பாத்தோடு, கூழாங்கல்லில் சறுக்கியபடி. என் மனைவி சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். மச்சாள் அரைக்காற்சட்டை போட்டு, முன்னால் இருந்து துடுப்பை வலித்தாள்; பின்னால் சகலன். அக்காவும் தங்கையும் தண்ணீரை அள்ளி ஒருவருக்கொருவர் எறிந்து கூவினார்கள். என் மனைவி அப்படிச் சிரிப்பாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தோணி வளைவில் திரும்பியபோது நான் கமராவுக்குப் பின்னால் இருந்து பேசத் தொடங்கினேன். உண்மையில் அந்த வாரம் முழுவதுமே இப்படி வாய்க்குள் பேசிக்கொண்டுதான் இருந்தேன். கமராவைப் பிடிப்பவனின் வாய்தான் அதன் ஒலிவாங்கிக்கு மிகக் கிட்ட இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். "இந்தா பாருங்கோ, எங்கடை குலக்கொழுந்து அரைக்களிசானோடை தோணி வலிக்கிறா." பிறகு கமராவைச் சகலன்மேல் திருப்பிக்கொண்டு, "இவர் வலிக்கிற வடிவைப் பாருங்கோ. உது படிச்சு வராது. இரத்தத்திலை இருக்கவேணும்." அவருடைய சாதியைச் சொல்லித் திட்டினால் நான் படித்தவன் ஆகமாட்டேன் அல்லவா? அதனால் படித்தவன் திட்டுகிற மாதிரித் திட்டினேன்.

ரொறன்ரோவுக்கு வந்த அடுத்த சனிக்கிழமை வீட்டில் வீடியோ போட்டோம். ஒஷாவாவிலிருந்து மனைவியின் பெரியப்பா மகன் குடும்பம், பக்கத்துக் கட்டடத்து உறவினர், எல்லோரும் வந்தார்கள். றோல்ஸும் தேநீரும் கொடுத்தோம். மாமி முதலில் வரமாட்டேன் என்றார். பிறகு ஒரு கதிரையைக் கொண்டுவந்து கதவடியில் போட்டுக்கொண்டார். திரையில் மச்சாள் தோன்றியதும் அவர் கதிரையை ஒரு முழம் முன்னால் இழுத்தார். சந்தை வந்தபோது இன்னொரு முழம். என் குரல் படத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முதலில் பதறினேன். ஆனால் பெரியப்பா மகன், "அத்தான், படத்தை விட உங்கடை கொமெண்டரி திறம்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அதோடு பதற்றம் போய்விட்டது. காவலாளி உடுப்பில் நாள் முழுவதும் யாரும் ஏறெடுத்துப் பாராத ஒருவனுக்கு ஓர் அறை முழுவதும் சிரித்தால் எப்படி இருக்கும்? தோணி வந்தபோது நான் சத்தத்தைக் கூட்டினேன். இரத்தத்தில் இருக்கவேண்டும் என்ற இடத்தில் சிரிப்புத் தாங்கமுடியவில்லை. "திருப்பிப் போடுங்கோ, திருப்பிப் போடுங்கோ" என்றார்கள். நான் திருப்பிப் போட்டேன். என் மனைவி எழும்பித் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கினாள். மாமி தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு, "காணும் தம்பி, பாத்தது காணும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் என்னை ஒரு கோமாளி என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அடுத்த நாள் காலை மாமி குசினியில் என்னைத் தனியே பிடித்தார். அவருடைய கை மேசை விளிம்பைப் பற்றியிருந்தது. "தம்பி, பகிடியை விடுங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ. அவள் அங்கை மரியாதையா இருக்கிறாளோ? நான் ஒருக்காப் போய்ப் பாக்கட்டோ?" முதல் நாள் காலையில் மச்சாள் கேட்ட அந்த ஒரு சொல்லை மாமியே வந்து கையேந்திக் கேட்கிறார். அந்தக் கிராமத்துச் சந்தையில் ஆட்கள் சகலனை நிறுத்திக் கைகுலுக்கியதை நான் கண்டிருக்கிறேன். மச்சாளுக்கு அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்த விதத்தைக் கண்டிருக்கிறேன். எல்லாம் தெரிந்துகொண்டு நான் சொன்னது இது: "ஆத்தங்கரையிலை ஒரு குசினிக்காரன்ரை பெண்சாதி எப்பிடி இருப்பாளோ, அப்பிடி இருக்கிறாள் மாமி." மாமி, "சரி" என்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்பு மடிக்க வரவேற்பறைக்கு வரவில்லை.

மச்சாள் ரெலிபோன் எடுத்துக் கசெற்றில் ஒரு பிரதி அனுப்பச் சொன்னாள்.  வீடியோக் கடைக்காரரிடம் போனேன். அவர், "அண்ணை, பிரான்சுக்கெண்டா மாத்திப் போடவேணும். எங்கடை கசெற் அங்கத்தை மெஷினிலை ஓடாது" என்று சொன்னார். கனடாவில் ஒரு முறை, ஐரோப்பாவில் வேறு முறை என்பது எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததால்தான் எனக்கு வழி பிறந்தது. "மாத்தாமல் அப்பிடியே அடியுங்கோ" என்றேன். மனைவியிடம் மாற்றித்தான் இருக்கிறது என்று சொன்னேன். ஓடாத கசெற்றை அனுப்பிவிட்டால் கேட்டதற்குக் கொடுத்ததாகவும் ஆகும், என் குரலும் போய்ச் சேராது. அன்று எனக்கு என் மூளையில் பெருமையாகக்கூட இருந்தது. மச்சாள் அதைப் பற்றிப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லை, எறிந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த பனிக்காலத்தில் மாமி இறந்துபோனார். மகளைக் காணாமலே. சகலனும் மச்சாளும் செத்தவீட்டுக்கு வந்தார்கள். மச்சாள் பெட்டியடியில் நின்று தாயின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒருக்கா வந்திருக்கலாமே அம்மா, ஒருக்கா வந்திருக்கலாமே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் தூரத்தில் நின்று வந்தவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். குடும்பத்துக்கு மூத்தவன் என்று எல்லோரும் என்னிடம்தான் அனுதாபம் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஒரு பகல், ஸ்காபரோவுக்குக் கீழே ஏரிக்கரையில் அஸ்தி கரைத்தோம். கரையோரம் பனிக்கட்டி. வேலை முடிந்து பெண்கள் காருக்குள் ஏறிவிட்டார்கள். சகலனும் நானும் மட்டும் நின்றோம். அவர் ஏரியைப் பார்த்து, "கடல் மாதிரிக் கிடக்கு, அண்ணை. அக்கரை தெரியேல்லை" என்றார். நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. அவருக்குத் தெரியாது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள ஆசைப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

"அந்தக் கசெற் அனுப்பினனாங்கள். ஓடினதோ?"

அவர் ஒரு கையுறையைக் கழற்றி, திரும்பப் போட்டார்.

"படம் ஓடேல்லை அண்ணை. கோடு கோடாப் போனது. சத்தம் மட்டும் வந்தது."

படம் நாடாவில் ஒரு விதமாகப் பதிகிறது, சத்தம் அதன் ஓரத்தில் தனியாகப் பதிகிறது. ஒன்று குழம்பினாலும் மற்றது கேட்கும். காந்தப்புலத்தை வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் இதை யோசித்திருக்கவேண்டும். ஒழுங்காக மாற்றி அனுப்பியிருந்தால் அவர்கள் ஆற்றையாவது பார்த்திருப்பார்கள். கோட்டையைப் பார்த்திருப்பார்கள்; அக்காவும் தங்கையும் தண்ணீர் எறிந்து விளையாடியதைப் பார்த்திருப்பார்கள். என்னுடைய கெட்டித்தனத்தால் அவை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, என் வாயை மட்டும் பிரித்தெடுத்துத் தபாலில் அனுப்பியிருந்தேன்.

"நான் நிப்பாட்டப் போனனான். அவள் விடேல்லை" என்றார் சகலன். "அம்மா என்னத்தைப் பாத்தவ எண்டு எனக்குத் தெரியவேணும் எண்டு கடைசி மட்டும் கேட்டவள்." பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். "குளிருது அண்ணை. வாங்கோ, காருக்கை போவம்."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று அதற்குப் பிறகு எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். அன்று நான் சொன்னது, "ஓம், சரியான குளிர்." அவ்வளவுதான். படித்த மனிதனுக்கு வானிலை எப்போதும் கைகொடுக்கும். அவர் எனக்காகக் காரின் கதவைத் திறந்து பிடித்தார். நான் ஏறி இருந்தேன். முன் இருக்கையில் மச்சாள் இருந்தாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. வந்திருந்த நாட்கள் முழுவதும் அவள் என்னை ஒருமுறைகூட அத்தான் என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர்கள் இன்னும் அந்தக் கிராமத்தில்தான் இருக்கிறார்கள். மனைவி கிழமைக்கொருமுறை கதைப்பாள். ரெலிபோனை என்னிடம் தரும்படி அவர்கள் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. மன்னிப்புக் கேட்டால் அவர் "அதை விடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவு மலிவாக அதை வாங்கிக்கொள்ளக்கூடாது என்று நான் நினைப்பதாகச் சொல்லிக்கொள்வேன். பொய். பயம்தான். மச்சாள் அப்படிச் சொல்லமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

மகள் தேநீர்க் கோப்பையோடு மேலே போனபிறகு, நான் தனியே இருந்து வீடியோவை மீண்டும் தொடக்கத்திலிருந்து போட்டேன். சத்தத்தைப் பூட்டிவிட்டுப் பார்த்தேன். நிறம் வெளிறியிருந்தாலும் படம் தெளிவாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கு அழகானது. அதை நான் நேரில் நின்றபோது பார்க்கவில்லை. ஸ்காபரோவில் திருப்பித் திருப்பிப் போட்டபோதும் பார்க்கவில்லை. ஆற்றங்கரையில் ஒரு வால்நட் மரத்தின் கீழே, ஆட்கள் இருந்து இளைப்பாற ஒரு மரவாங்கு இருக்கிறது. தோணிகள் புறப்படும் இடம். சகலன் சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, அந்த வாங்கின் ஒரு பக்கத்தைத் துடைக்கிறார். காய்ந்த இலைகளைத் தட்டிவிடுகிறார். பிறகு நிமிர்ந்து நேரே கமராவைப் பார்த்து, இரண்டு கையாலும் அந்த இடத்தைக் காட்டி ஏதோ சொல்கிறார். அவர் பார்ப்பது என்னை இல்லை. எனக்கூடாக, ஸ்காபரோவில் கதவடியில் கதிரை போட்டு இருக்கப்போகிற ஒருவரைப் பார்க்கிறார்.

என்ன சொன்னார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. படத்தைப் பின்னால் ஓட்டி, சத்தத்தைத் திறந்தேன்.

"மாமி, வாங்கோ. இதிலை இருங்கோ. இதிலை நிழல்."

அதற்குமேல், கமராவுக்கு மிகக் கிட்ட, ஒருவன் மூக்கால் சிரிக்கிறான். நான் சத்தத்தைக் குறைக்கவில்லை.